கர்ப்பிணியின் தட்டிலிருந்து மீனை அப்புறப்படுத்துவது எப்படி?

கராடிவாழ் தமிழ்க் குடும்பத்தாருக்கு எட்டுப் படிகளில் ஒரு கையேடு

வாழ்த்துகள். உங்கள் வீட்டு மருமகள் உண்டாகியிருக்கிறாள். தூத்துக்குடியில் பிறந்து, மீன் குழம்பும் வறுவலுமாக வளர்ந்து, இப்போது புனேயின் கிழக்கு ஓரமான கராடியில், இயான் ஐ.டி. பார்க்கில் லேப்டாப்போடு மல்லுக்கட்டுகிறவள். நேற்றுவரை அவள் என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்றுகூட யாரும் கேட்டதில்லை. இன்று காலை முதல் அவள் தட்டு குடும்பச் சொத்து. அதற்குப் பத்திரப் பதிவெல்லாம் தேவையில்லை.

இந்தச் சொத்தில் முதலில் கைவைக்க வேண்டியது மீன். சோற்றைத் தடுத்தால் கொடுமை என்பார்கள், பாலைத் தடுத்தால் பாவம் என்பார்கள். மீனைத் தடுத்தால் மட்டும் அக்கறை என்பார்கள்.

மாமியார், அம்மா, கணவர், நாத்தனார், மேல்மாடி அக்கா, ஊரில் இருந்தபடியே வாட்ஸப்பில் வைத்தியம் பார்க்கும் சித்தப்பா ஆகியோருக்காக எழுதப்பட்ட கையேடு இது. கர்ப்பிணியின் கையில் சிக்கிவிடக் கூடாது. சிக்கினால் என்ன ஆகும் என்பது கடைசியில் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

வாட்ஸப் குழு ஒன்று. பாதியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று. "எங்க ஒண்ணுவிட்ட அக்கா மக ஒருத்தி இப்படித்தான்…" என்று தொடங்கும் கதை ஒன்று (முடிவு தேவையில்லை, பெருமூச்சு போதும்). "எதுக்கும்" என்ற சொல், வேண்டிய அளவு.

படி 1: காரணம் கேட்பதற்குள் தடை போடுங்கள்

"எதுக்கும் வேணாமே" என்று ஆரம்பியுங்கள். எதற்கு என்று அவள் கேட்டால், ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். நண்டு சூடு, கரு தங்காது என்று மாமியார் சொல்லட்டும். இறாலும் கருவாடும் கரப்பான் பண்டம், குழந்தைக்குத் தோலெல்லாம் தடித்துப் போகும் என்று அம்மா சொல்லட்டும். மீன் சாப்பிட்ட கையோடு தயிர் சாப்பிட்டால் வெண்குஷ்டம் என்பது சித்தப்பாவின் பங்கு. காரணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியதில்லை. எண்ணிக்கைதான் முக்கியம்.

இடைஞ்சல்: வங்காளிகள் தயிரிலேயே மீனைப் போட்டுக் குழம்பு வைத்து விருந்தில் பரிமாறுகிறார்கள். அவள் ஆபீஸில் பக்கத்து இருக்கையில் கொல்கத்தாக்காரி யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொங்கண் பக்கத்துக்காரியும் ஆபத்துதான். அவள் அம்மா நண்டு ரசம் குடித்துத்தான் அவளைப் பெற்றிருப்பாள். நன்றாக வேகவைத்த நண்டையும் இறாலையும் கர்ப்பிணிகளுக்கு உகந்தவை என்றுதான் மருத்துவப் பட்டியல்கள் சேர்த்திருக்கின்றன. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் விலக்க வேண்டும். அது கர்ப்பத்துக்கு முன்பும் அப்படித்தான்.

படி 2: அமெரிக்கப் பட்டியலைப் பாதி மட்டும் காட்டுங்கள்

பாட்டி சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பதில்லை. அமெரிக்கா சொன்னால் கேட்பார்கள். அங்கே உணவு மருந்து நிர்வாகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து கர்ப்பிணிகளுக்கான மீன் பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றன. அதில் "தவிர்க்க வேண்டியவை" என்ற பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். சுறா, வாள்மீன், மார்லின், கிங் மேக்கரல், பெருங்கண் சூரை, ஆரஞ்சு ரஃபி, மெக்சிகோ வளைகுடா டைல்ஃபிஷ் ஆகிய ஏழு பெயர்கள் இருக்கும். அவற்றில் நாலைந்தை அவள் வாழ்நாளில் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள். பாதகமில்லை. தெரியாத பெயர்தான் அதிகம் பயமுறுத்தும்.

இடைஞ்சல்: முழுப் பட்டியலையும் பார்த்தால் "தாராளமாகச் சாப்பிடலாம்" என்ற பகுதி இதைவிடப் பல மடங்கு நீளம். மத்தி, நெத்திலி, இறால், நண்டு, கணவாய், கெளுத்தி, திலேப்பியா எல்லாம் அதில் வருகின்றன. அவற்றில் வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறார்கள். சாப்பிடலாம் என்று அனுமதிப்பதோடு நிற்கவில்லை, சாப்பிடுங்கள் என்றே சொல்கிறார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 2004-ல் இவர்கள் வெளியிட்ட அறிவுரை அளவுக்கு மேல் போகாதீர்கள் என்பதில் அழுத்தம் வைத்தது. பெண்கள் அதை மீனே வேண்டாம் என்று புரிந்துகொண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கர்ப்பிணிகளின் உணவைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, 21 சதவீதம் பேர் முந்தைய மாதம் முழுக்க மீனைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. பதறிப்போய், குறைந்தபட்சம் இவ்வளவாவது சாப்பிடுங்கள் என்று அறிவுரையைத் திருத்தினார்கள். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தத் திருத்தம்தான் வெட்டுப்பட்டுப் போனது என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

படி 3: பாதரசம் என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள்

"மீன்ல பாதரசம் இருக்காம்." இந்த வாக்கியத்துக்கு மேல் ஒரு சொல் கூடாது. வேண்டுமானால் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை நினைவுபடுத்துங்கள். 2001-ல் மூடப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் மண்ணில் பாதரசம் கிடந்த இடம் அது. இன்னும் பலம் வேண்டுமென்றால் ஜப்பானின் மினமாட்டா இருக்கிறது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு மீனுக்குள் போய், மீன் வழியாக மனிதருக்குள் போய், 1956-ல் நோயாக வெளியே தெரிந்தது. பெரிதாக எந்த அறிகுறியும் இல்லாத தாய்மார்களுக்கு மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். கதை முழுக்க உண்மை. கேட்டவள் இரவு தூங்க மாட்டாள்.

இடைஞ்சல்: அவள் எப்படி என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கணக்கு அவளுக்கே புரிந்துவிடும். நீரில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதை மிதவை உயிர்கள் எடுத்துக்கொள்ள, அவற்றைச் சின்ன மீன் தின்ன, ஆயிரம் சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும். பல வருடம் வாழ்ந்து பிற மீன்களை வேட்டையாடும் சுறாவின் சதையில் அது உச்சத்தில் இருக்கும். ஓரிரு வருடமே வாழ்ந்து மிதவை உயிர்களைத் தின்னும் மத்தியில் அற்பம். சதையிலேயே ஒட்டியிருப்பதால் கழுவினாலோ, மஞ்சள் தடவினாலோ, வறுத்தாலோ போகாது. ஆகவே எந்த மீன், என்ன அளவு என்பதுதான் கேள்வி. இது தெரிந்த பெண்ணை வெறும் "பாதரசம்" என்ற சொல்லால் மிரட்ட முடியாது.

படி 4: பெரிய மீனை மரியாதைக்கும் சின்ன மீனைக் கேலிக்கும் வையுங்கள்

சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் வஞ்சிரம் துண்டு, வட்டம் வட்டமாக. மராத்தியில் அதற்கு சுர்மை என்று பெயர், விலையைக் கேட்டால் கண்ணுக்குச் சுர்மா போட்டது போல எரியும். அவ்வளவு கொடுத்து வாங்கியது கெடுதலாக இருக்க முடியாது என்று நம்புங்கள். பாங்டா என்ற பெயரில் கிடைக்கும் கானாங்கெளுத்தியை "நாத்தம்" என்று ஒதுக்குங்கள். மத்தியை "பூனைக்குப் போடறது" என்று சொல்லுங்கள். மாந்தேலி, நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், "முள்ளு, வேலை வைக்கும்."

இடைஞ்சல்: அமெரிக்கர்கள் விலக்கச் சொல்லும் கிங் மேக்கரல், நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்த பெரிய மீன். வஞ்சிரமும் வேட்டை மீன்தான், நன்றாக வளரவும் செய்யும். ஆகவே அது எப்போதாவது ஒரு துண்டு என்ற கணக்கில் இருப்பது நல்லது. சம்பந்திகள் தினமும் வரப்போவதில்லை. கானாங்கெளுத்தியோ உள்ளங்கை நீளத்தைச் சற்றே தாண்டும் சின்ன மீன். ஆங்கிலத்தில் அதுவும் ஒரு வகை மேக்கரல் என்பதால் பலரும் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு இதை நிறுத்திவிட்டு, சுர்மையைத் தொடர்கிறார்கள். உங்கள் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழப்பம் கிடைக்காது.

குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் இந்தக் கேலிக்குரிய மீன்களில்தான் கொட்டிக் கிடக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் 'லான்செட்' இதழில் வந்தது. கர்ப்ப காலத்தில் வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு சாப்பிட்டவர்களின் பிள்ளைகளே மொழித்திறன் மதிப்பெண்ணில் அதிகம் பின்தங்கினார்கள். இதை வைத்து மத்தி தின்றால் கலெக்டர் பிறப்பார் என்று சொல்ல முடியாது. மீனை நிறுத்தினால் குழந்தைக்கு நல்லது என்ற உங்கள் வாதத்துக்கு மட்டும் இது வேட்டு வைக்கிறது.

படி 5: பிரசவம் ஆனதும் சுறாப் புட்டோடு வாருங்கள்

ஒன்பது மாதம் நெத்திலியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தீர்கள் அல்லவா? குழந்தை பிறந்ததும் அம்மா ஊரிலிருந்து ரயிலேறி வந்து இறங்குவார். பையில் பூண்டு, மிளகு, சுறாக் கருவாடு. "பால் சுறா, நல்லா பால் ஊறும்." சுறாவை அவித்து, முள்ளெடுத்து உதிர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் புரட்டும்போது வரும் வாசனைக்கு எட்டாவது மாடி வரை ஆள் எட்டிப் பார்ப்பார்கள். அதைவிட அருமையான பத்தியம் இல்லை என்று அனைவரும் ஒருமனதாகத் தீர்மானிப்பார்கள்.

இடைஞ்சல்: தவிர்க்க வேண்டியவை பட்டியலில் சுறாவின் பெயரும் இருக்கிறது. அந்தப் பட்டியல் பாலூட்டும் தாய்க்கும் பொருந்தும். பால் சுறா சின்ன இனம்தான், ஆனால் துண்டாக்கி உப்புப் போட்டுக் காய்ந்த பிறகு அது எந்தச் சுறாவின் எத்தனை வயதுக் குட்டி என்று விற்பவருக்கே தெரியாது. புட்டை வேறு மீனிலும் செய்யலாம். குமரிக் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் குழம்பு கொடுக்கிறார்கள். சின்ன மீன், செலவு குறைவு. அம்மாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பைக் கணவருக்கு விட்டுவிடுங்கள்.

படி 6: பழியை ஊர்மேல் போடுங்கள்

"கடலே இல்லாத ஊர்ல மீனா? எத்தனை நாள் ஐஸோ!" என்று முகத்தைச் சுளியுங்கள். 2018-ல் கேரளத்தில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள் என்பதை எடுத்து விடுங்கள். அதே ஆண்டு கோவா வெளிமாநில மீனுக்கே தடை போட்டது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் இன்னும் எளிது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. "இப்ப வர்றதெல்லாம் பழசு" என்று ஒரே போடு.

இடைஞ்சல் ஒன்று: கிழக்குக் கடலின் தடை ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. இரண்டு கடலும் ஒருசேர மூடியிருப்பது இரண்டே வாரம். கணேஷ் பேட் மீன் சந்தைக்கு இரண்டு பக்கச் சரக்கும் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் உங்கள் மழைக்கால வாதம் நனைந்துவிடும்.

இடைஞ்சல் இரண்டு: ஐஸ் எதிரி கிடையாது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து வாய் எரியும். முறையாக உறைய வைத்த மீன், வெயிலில் வாடிய "ஃப்ரெஷ்" மீனைவிட மேல்.

இடைஞ்சல் மூன்று: அவளுக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியும். தூத்துக்குடிக்காரி. "மாவ்ஷி, தாஜா ஆஹே கா?" (சித்தி, புதுசுதானா?) என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே ரத்தச் சிவப்பா, பழுப்பா? கண் புடைத்துப் பளபளக்கிறதா, குழி விழுந்து வெளுத்திருக்கிறதா? விரலால் அழுத்தினால் பள்ளம் எழும்புகிறதா? மீனின் மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை என்றால் சந்தேகம் வரும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைகளையே உருவாக்கியிருக்கிறது. ஆகவே அவளைச் சந்தைக்குப் போக விடாதீர்கள். செவுளும் தலையும் இல்லாமல் ஆப்பில் வரும் துண்டுகளுக்கு மட்டும் பழக்குங்கள்.

உங்கள் வாதம் நிற்கும் இடமும் ஒன்று உண்டு. கராடியை ஒட்டி ஓடும் முளா–முட்டா ஆறு புனேயின் சாக்கடையைச் சுமந்து பீமாவில் கலந்து உஜனி அணைக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அணையோர பிக்வணின் மீன் சாப்பாடு பிரபலம். கராடி கழுவி ஊற்றியது கட்லாவாகவும் திலேப்பியாவாகவும் கராடிக்கே திரும்பி வருகிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்க ஆளில்லை. உள்ளூர் நீர்நிலை மீனைப் பற்றி எச்சரிக்கை எதுவும் தெரியாதபோது வாரம் ஒரே முறை, அந்த வாரம் வேறு மீன் கிடையாது என்பது அமெரிக்கப் பட்டியலே சொல்லும் விதி. வளர்த்த குளம் எது என்று தெரிந்து வாங்குவது உத்தமம்.

படி 7: அடுக்ககத்தின் ஒத்துழைப்பைப் பெறுங்கள்

மீன் வறுக்கும் நாளில் சொசைட்டி வாட்ஸப் குழுவில் "யார் வீட்டிலிருந்து இந்த வாசனை?" என்று யாரோ கேட்பார்கள். அதை மருமகளுக்குக் காட்டி, "நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்தால் வாசனை வெளியே போகும், குழுவில் புகார் வரும். மூடினால் வாசனை வீட்டுக்குள்ளேயே நிற்கும், மசக்கையில் அவளே ஓடுவாள். இருபுறமும் வெற்றி.

இடைஞ்சல்: ஜன்னல் விஷயத்தில் ஜாக்கிரதை. 2024 பிப்ரவரியில் கராடிக்கும் கேசவ் நகருக்கும் நடுவே ஆற்றின் மேல் கொசுக்கள் சூறாவளிபோல் சுழன்று எழுந்த காட்சியை நாடே பார்த்தது. அதே ஆண்டு ஜூனில் புனேயில் கொசு பரப்பும் ஜிகா காய்ச்சல் தலைகாட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகள் பலர். கருவில் இருக்கும் குழந்தையின் தலை வளர்ச்சியையே கெடுக்கக்கூடிய காய்ச்சல் அது. மீனைப் பற்றிப் பதினாறு பேர் பேசிய வீட்டில் கொசுவலையைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்று அவள் எண்ணத் தொடங்கினால் சிக்கல்.

படி 8: மீனுக்குப் பதில் எதையாவது கொடுங்கள்

அவள் ஏங்கினால் நான்கு மாற்று வழிகள் உண்டு.

மீன் எண்ணெய் மாத்திரை: "மீனும் இதும் ஒண்ணுதான்" என்று கணவர் காட் லிவர் ஆயில் வாங்கி வரட்டும். (ஈரலில் எடுக்கும் எண்ணெயில் வைட்டமின் ஏ ஏராளம். அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். கர்ப்பிணிகள் இதை எடுக்கக் கூடாது என்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை. ஒமேகா-3 மாத்திரை வேறு சமாச்சாரம், அதையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான்.)

கருவாடு: ஊரிலிருந்து வந்த பையில் எப்படியும் இருக்கும். (உப்பு. இரத்த அழுத்தம் ஏறுகிறவளுக்கு அது எமன். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் என்றால் சரி.)

சுஷி: ஆபீஸ் டீம் லஞ்சில், "ஜப்பான்ல எல்லாரும் சாப்பிடறாங்க" என்று யாராவது தைரியம் சொல்வார்கள். (பச்சை மீனிலும் பச்சைச் சிப்பியிலும் கிருமி, புழு இரண்டுக்கும் வாய்ப்பு. ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் புகையூட்டிய மீனும் அப்படியே. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும், கருச்சிதைவு வரை கொண்டுபோகும். வெந்தால்தான் சாகும்.)

மருத்துவரின் வாயால் ஒரு "வேண்டாம்": இது பிரம்மாஸ்திரம். மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "டாக்டர், மீனெல்லாம் வேணாம்தானே?" என்று எழுந்து கதவைத் திறக்கும்போது கேளுங்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டபடியே தலையாட்டுவார். "எந்த மீன், வாரத்துக்கு எத்தனை தடவை, என் ஹீமோகுளோபின் எவ்வளவு?" என்று அவளே உட்கார்ந்து கேட்டுவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. புரதமும் இரும்பும் பி-12-ம் அயோடினும் ஒரே துண்டில் தரும் உணவைத் தட்டிலிருந்து எடுக்கும் வீட்டாரை மருத்துவர் என்ன கேட்பார் என்று சொல்ல முடியாது.

கையேடு தோற்றால்

எட்டுப் படிகளையும் ஏறிய பிறகும் சில பெண்கள் திருந்துவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜ் கதவில் இப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கும்:

வாரம் இரண்டு மூன்று நாள் மீன். ஒரு வேளைக்கு உள்ளங்கை அளவு.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, இறால், நண்டு, கணவாய்: மாற்றி மாற்றி. வாவலும் பொம்பிலும் (பாம்பே டக்) ஆசைக்கு. வஞ்சிரம் விருந்தாளி வந்தால்.

சுறா, வாள்மீன், மார்லின், பெரிய சூரை: குழந்தை பால் மறக்கும்வரை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. யார் கொண்டுவந்தாலும்.

எல்லாம் முழுக்க வேக வேண்டும். சதை கண்ணாடி மாதிரி தெரியாமல் வெளுத்து, கரண்டி பட்டதும் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். இறால் சிவந்து சுருள வேண்டும். கொதித்தும் வாய் திறக்காத மட்டி குப்பைக்கு.

மீன் வெட்டும் பலகை தனி. ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகட்டும், சமையல் மேடையில் வேண்டாம்.

நேற்றைய மீன் குழம்பு ருசி என்று எனக்கும் தெரியும். இரவே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தளதளவெனக் கொதித்த பிறகுதான்.

ஜன்னலுக்குக் கொசுவலை இந்த வாரமே.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரி இருக்கும்: "ஒரு கிலோ மத்தி வாங்கி வைத்திருக்கிறேன். என் சாப்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் ஆளுக்குப் பத்து மீன் ஆய்ந்துவிட்டு வந்து சொல்லலாம். கத்தி சிங்க்குக்குக் கீழே இருக்கிறது, செதில் தரையில் சிந்தாமல் பேப்பர் விரித்துக்கொள்ளவும்."

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது என்ன என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. பேப்பரை அகலமாக விரியுங்கள். மத்திச் செதில் பறக்கும்.